மரத்தடியில் ஒரு முழம் மண்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈர சிமெண்ட் வாசனை வந்தது. பூங்காவில் மறுபடியும் தரை போடுகிறார்கள். பழைய கற்களைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, சிவப்பும் மஞ்சளுமாகப் புதுக் கற்கள். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று செல்போனை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நம் இருவரையும் அந்தப் பூங்காவுக்கு அனுப்பியது சர்க்கரை வியாதி. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். ஆரணி கடைத்தெருவில் ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே எங்கே நடப்பது? நீ பட்டு நூல் சுற்றும் வேலையை முடித்துக்கொண்டு வருவாய், நான் தையல் மெஷினை மூடிவிட்டு வருவேன். "அக்கா, நடக்கறத்துக்கு வந்தமா, குந்தறத்துக்கு வந்தமா?" என்று கேட்டுவிட்டு, புங்கமரத்தடியில் நீதான் முதலில் உட்காருவாய்.

ஒரு கோடையில் அந்த மரம் இலை உதிர்த்தது, துளிர்க்கவே இல்லை. குனிந்து பார்த்தவள் நீ. தரைக்கல்லை அடிமரத்தோடு ஒட்டிப் பதித்திருந்தார்கள். நகராட்சியில் போய்ச் சொன்னோம். பார்க்கலாம் என்றார்கள். திரும்பப் போனோம். சொல்லியாயிற்றே என்றார்கள். அந்தச் சனிக்கிழமை நீ வீட்டிலிருந்து கடப்பாரையும் ஒரு குடம் தண்ணீருமாக வந்துவிட்டாய்.

பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை டீச்சர் அன்று பூங்காவுக்குக் கூட்டி வந்திருந்தார். கல் உடைகிற சத்தம் கேட்டு எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். நீ விரட்டவில்லை. குடத்துத் தண்ணீரைக் கல்லின்மேல் கவிழ்த்தாய்.

"தண்ணி எங்க ஓடுது, பாருங்க."

"கால்வாய்க்கு!"

"அப்ப மரம் எதைக் குடிக்கும்?"

ஒரு சிறுமி குனிந்து பார்த்து, "மரத்துக்கு வாய் எங்க ஆன்ட்டி இருக்குது?" என்றாள்.

"நீ நின்னுகினு இருக்கியே, அதுக்குக் கீழதான்."

அவள் துள்ளி விலகினாள். அதற்குள் நகராட்சி மேஸ்திரி வந்துவிட்டார். "யாரைக் கேட்டும்மா ஒடைக்கறீங்க? கவர்மெண்ட் சொத்து இது."

"மரமும் கவர்மெண்ட் சொத்துதானே சார்? அது செத்தா யாரைக் கேப்பீங்க?"

அவர் பிள்ளைகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "இன்னா பேஜாருப்பா இது" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மறு வருடம் மரம் பூத்தது. கீழே மண்ணெல்லாம் பொரி இறைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். எந்தப் பறவையின் பெயரைக் கேட்டாலும், "எனக்கும் தெரியல, பாத்துகினே இருப்போம்" என்பாய். அப்படியே உட்கார்ந்து பார்ப்பீர்கள். பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்தம் செய்ய வேலூருக்கு அலைந்தாய். படுக்கையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, "என் மூஞ்சிய அப்புறம் பாரு, மரத்தைக் காட்டு" என்றாய்.

இன்று நான் மட்டும் போனேன். கல் பதிக்கிறவரிடம் மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் மண் விடச் சொன்னேன். "பிளான்ல இல்லையேம்மா" என்றார். எனக்கு உன்னைப் போல வாய் கிடையாது. கெஞ்சவும் தெம்பில்லை. புங்கமரத்தின் வேர்மேல் போய் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். வெயில் ஏற ஏற அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு முழம் மண் விட்டு வளைத்துப் பதித்தார். மாத்திரை போட வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குள் கேட் பக்கத்து வேம்பின் அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசி முடித்திருந்தார்கள். திரும்பவும் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. ஆனாலும் திங்கட்கிழமை நகராட்சிக்குப் போவேன். போகாமல் வீட்டில் இருந்தாலும் தூக்கம் வராது.

நீ கொடுத்துவிட்டுப் போன வியாதி இது. எந்த நிழலில் ஒதுங்கினாலும் என் கண் முதலில் மரத்தின் காலடிக்குத்தான் போகிறது. உன்னைக் கொண்டுபோன அன்று பெண்களெல்லாம் தெருமுனையோடு நின்றுவிட்டோம். பறைச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அங்கே ஒரு பூவரசு. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே குனிந்து, அதன் அடியில் மண் இருக்கிறதா என்று பார்த்தேன்.