குதிரை இல்லாத ரிவால்வர்

நவம்பர் 9, செவ்வாய்

மழைக்காலம் ஒருவழியாக முடிந்தது. வெயில் சுகம். கடையில் அரை நாள் வேலை, பிறகு சினிமா கம்பெனி. முதலாளி ஊ போ சோ, ரௌடிகளை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கிறார். நான் துப்பாக்கி ரிப்பேர்க்காரன் அல்லவா, கூப்பிட்டு அனுப்பினார். படத்துக்கான துப்பாக்கிப் பெட்டியில் எது அசல், எது போலி என்று போலீஸ் சார்ஜெண்டுக்குச் சொல்ல வேண்டும். சுடக்கூடியது ஒன்று இருந்தாலும் படம் எடுக்க அனுமதி இல்லை. கிடைத்தால் எனக்கும் வேஷம், மூன்றாவது ரௌடி. என் பெண்சாதி பொன்னம்மா அதற்குள் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். கிடைக்காவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது.

நவம்பர் 10, புதன்

நீளத் துப்பாக்கி இரண்டும் மரம், கறுப்புச் சாயம். இன்னொன்று தகரம், லத்தா சந்தைப் பொம்மை. ரிவால்வர் மட்டும் அசல். அனுமதி போச்சு என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்தால் விரலால் இழுக்கும் குதிரையே இல்லை, உடைந்து போயிருக்கிறது. அப்பாடா.

காமிராக்காரன் கோ தின் பர்மாக்காரன், எங்கள் பக்கத்து வீடு, தமிழ் பேசுவான். "குதிரை இல்ல, சுடாதுன்னு சொல்லுப்பா" என்றேன். பர்மியில் சொன்னான். சார்ஜெண்டு முகத்தைச் சுளித்தார். நாளை படம் எடுக்கும் இடத்துக்கு, அக்கரை டாலாவுக்கு வந்துதான் முடிவு சொல்வாராம். ஏன் என்று புரியவில்லை.

நவம்பர் 11, வியாழன்

டாலா. படகில் நல்ல காற்று. கரையில் வண்டிக் குதிரை ஒன்று, கழுத்தில் மாலையோடு.

"இது எதுக்குப்பா?"

கோ தின்: "நீங்கதான அண்ணே குதிரை இல்லன்னீங்க. அதனாலதான் சார்ஜெண்டு ஒத்துக்கலன்னு முதலாளி பிடிச்சிட்டு வரச் சொன்னாரு."

பர்மியில் "மியின்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். அது புல் தின்கிற குதிரை. சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. ரிவால்வரை எடுத்து, குதிரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரலை ஆட்டிக் காட்டினேன். சார்ஜெண்டு தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். அனுமதி.

வந்த குதிரையை விடுவானேன் என்று ஊ போ சோ என்னை அதன்மேல் ஏற்றினார். இந்தப் பக்கம் ஏறினேன், அந்தப் பக்கம் சேற்றில். "எந்திரிக்காதீங்க அண்ணே" என்று கத்திக்கொண்டே கோ தின் காமிராக் கைப்பிடியைச் சுற்றினான். சேறு அப்பிய முகத்தைக் கிட்ட வந்தும் எடுத்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலம் ஆயிற்று.

நவம்பர் 12, வெள்ளி

இடுப்புப் பிடிப்பு. லீவு. பொன்னம்மா எண்ணெய் தேய்த்தாள். நேற்றைய கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

"படத்துல பேச்சு கிடையாதாமே?"

கிடையாது என்றேன்.

"அப்ப அவசியம் பாக்கணும். நீங்க பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல."