பாதியில் விற்ற மஸ்டாங்

14.6.1987, ஞாயிறு, கிள்ளான்

பழுதுபார்த்து முடிக்காத என் பழைய மஸ்டாங் காரை இன்று போர்ட் கிள்ளான் மணியத்துக்கு விற்றுவிட்டேன். அவன் லோரி காரை இழுக்கப் போகும் நேரத்தில் மனைவி ஓடிவந்து டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் வைப்பாள். கார் நகராது. மறுநாள் அதே பழத்தைப் பிழிந்து எனக்கு ஜூஸ் போடுவாள். இன்றுதான் பழம் நசுங்கியது.

"இன்னைக்கு ஜூஸ் கிடையாதுங்க," என்று சிரித்தாள்.

மணியம் என் கையைப் பிடித்தான். "அண்ணே, தீபாவளிக்குள்ள ஓட வச்சிருவேன் லா. மொத ரவுண்டு நீங்கதான்."

"தாராளமா, தம்பி," என்றேன்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னபடியே செய்துவிட்டால், அப்பா இத்தனை வருஷம் அந்தக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னதான் செய்தார் என்று பிள்ளைகள் கேட்பார்களே.