பதினான்காம் மாடியில் மூன்று சுற்று

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விடாமல் போடுங்கள். நான் புனேயில் நன்றாக இருக்கிறேன். வெயிலில் உயரமான கட்டிடங்களின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து உடம்புதான் அசதியாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதீர்கள். பதினான்காம் மாடிக்கு வெளியே கயிற்றில் இறங்கும்போது, இறங்கும் கருவிக்குள் என் சட்டை சிக்கிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

பக்கத்துக் கயிற்றில் தொங்கிய திண்டிவனத்து அமல்தாஸ் அண்ணன், "அவசரப்படாத தம்பி. இடுப்புல இருக்குற சின்னக் கயித்த, கருவிக்கு மேல பெரிய கயித்துல சுத்திக்கினு, அதுல கால வெச்சி எழுந்து நில்லு" என்றார்.

இரண்டு சுற்று போட்டேன், வழுக்கியது. மூன்றாவது சுற்றும் போட்டு இறுக்கி, சின்னக் கயிற்றின் தொங்கும் வளையத்தில் கால் வைத்து எழுந்தேன். முடிச்சு பெரிய கயிற்றைக் கவ்விப் பிடித்தது. கருவியில் பாரம் குறைந்ததும் சட்டையை உருவினேன். மத்தியானமே மறுபடி ஏறச் சொன்னார்கள். ஏறினேன்.

தங்கச்சி இசைவாணியிடம் வறுத்த மல்லாட்டைக் கடலை கொஞ்சம் பார்சல் போடச் சொல்லுங்கள். நீங்கள் பேசுவதையும் அவள் போனில் பதிவு செய்து அனுப்பட்டும். இங்கே ஹெல்மெட் நம்பரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், போதும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்,
அன்புச்செல்வன்