ஹனோராவின் குடிசையில் பூசை

கில்தூரா பங்கு, கிளேர்
8 அக்டோபர் 1888

அன்புள்ள லார்,

நீ ஆயரான பிறகும் உன்னைப் பெயர் சொல்லி அழைக்கிற சாமியார் இந்த மறைமாவட்டத்தில் நான் ஒருவன்தான். ஒரே வாத்தியாரிடம் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுத்துப் படித்த உரிமை அது. பிறகு நீ ரோமுக்குப் போனாய். நான் மாடு மேய்த்துக்கொண்டே லத்தீனை நானாகக் கற்றேன். என் பேச்சில் மெருகு இருக்காது.

சைமன் ஹெஹிர் என்மேல் உனக்குப் புகார் எழுதப்போகிறான். முந்திக்கொள்கிறேன்.

குத்தகையைக் குறைக்கச் சொல்லி ஊரே கேட்டது. விதவை ஹனோரா கலிகன் முதல் ஆளாகக் கேட்டாள். வசந்தத்தில் நிலச்சொந்தக்காரரான பிரபுவின் காரியஸ்தர் போலீஸோடு வந்து அவளை வெளியே தள்ளினார். அந்த வீட்டையும் நிலத்தையும் சைமன் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஊர் அவன் குடும்பத்தோடு பேசுவதில்லை. அவன் பாலை யாரும் வாங்குவதில்லை. கோயிலில் அவன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.

இப்போது வீடு வீடாக முறை வைத்து இலையுதிர்கால வீட்டுப் பூசைகள் நடக்கின்றன. முறைப்படி அடுத்தது சைமன் எடுத்துக்கொண்ட அந்த வீடு. சைமன் தொப்பியைக் கழற்றாமலே வந்து நின்றான்.

"முறை வீட்டுக்குத்தான் சாமி, ஆளுக்கு இல்ல. இப்ப வீடு என்னுது. பூசை எங்க வீட்டுலதான் வைக்கணும்."

"வீட்டுக்கு உயிர் அடுப்புலடா இருக்கு. காரியஸ்தன் ஆளு தண்ணி ஊத்தி அணைக்கிறதுக்குள்ள ஹனோரா கனலைச் சட்டியில அள்ளிக்கிட்டுப் போயிட்டா. அவ பாட்டன் காலத்து நெருப்பு, இப்ப ரோட்டோரக் குடிசையில எரியுது. முறையும் அங்கதான் இருக்கு."

"இது எந்த வேதத்துல எழுதியிருக்கு?"

"அடுத்தவ வீட்டைப் பிடுங்குன்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு?"

பூசை ஹனோராவின் குடிசையில்தான். இன்னொன்று. ஊர்விலக்கு பாவம் என்று ரோமிலிருந்து வந்த கட்டளையை நான் இதுவரை கோயிலில் வாசிக்கவில்லை. இனியும் வாசிக்கமாட்டேன். துப்பாக்கி இல்லாதவனுக்கு முதுகைத் திருப்புவது ஒன்றுதான் ஆயுதம். அதையும் பிடுங்க என்னை அனுப்பாதே.

உன்
மலாக்கி டூஹி

ஆயர் இல்லம்
13 அக்டோபர் 1888

அன்புள்ள மலாக்கி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சைமனின் கடிதத்தைப் படித்தேன், சிரிப்பு போய்விட்டது.

குத்தகை அநியாயம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் போன குளிர்காலத்தில் வேறொரு பங்கில், ஒதுக்கிவைத்த ஒருவனின் குழந்தை காய்ச்சலில் இறந்தது. பெட்டி செய்ய ஒரு தச்சனும் வரவில்லை. தகப்பன் கதவுப் பலகையைக் கழற்றிப் பெட்டி செய்தான். அந்தக் குழந்தையை அடக்கம் செய்தவன் நான். ரோமின் கட்டளை எனக்குக் கசக்காததற்கு அதுதான் காரணம்.

பூசை சைமனின் வீட்டில் நடக்க வேண்டும். இதை ஆயராகச் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், இருமல் எப்படி இருக்கிறது என்று நண்பனாகக் கேட்கிறேன்.

பாசத்துடன்
லாரன்ஸ்

கில்தூரா
24 அக்டோபர் 1888

லார்,

இருமல் இருக்கிறது. பூசையை நேற்று ஹனோராவின் குடிசையில்தான் வைத்தேன். உள்ளே இடமில்லாமல் ஊர் மழையில் முழங்காலிட்டது.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரத்தில் சைமனின் மனைவி சபினா சால்வையைத் தலையில் இழுத்துக்கொண்டு வந்து, எல்லோருக்கும் பின்னால் சேற்றில் முழங்காலிட்டாள். புருஷன் போக வேண்டாம் என்றானாம். ஊர் வர வேண்டாம் என்று சொல்லத் தேவையே இல்லை. அவளைக் கண்டதும் ஒவ்வொருவராக எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டார்கள். கொல்லன் மார்ட்டின் லெய்ன்தான் முதலில் எழுந்தான். நான் நற்கருணையைக் கையில் வைத்துக்கொண்டு முதுகுகளைப் பார்த்தபடி நின்றேன்.

ஹனோரா வாசலை மறித்தாள்.

"இவளுக்கு இங்க இடமில்ல சாமி. என் வீட்டுல தூங்குறா, என் கிணத்துல மொள்ளுறா. இதையுமா எடுத்துக்கணும்?"

"குடிசை உன்னுது ஹனோரா. பூசை உன்னுது இல்ல. தள்ளிக்க."

"அவளுக்குக் கொடுத்தீங்கன்னா இனிமே உங்ககிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணமாட்டேன்."

"சரி, பாவத்தோடயே இரு. தள்ளிக்க."

கொடுத்தேன்.

நிலத்தில் ஊர் செய்வது நியாயம். கர்த்தரின் பந்தியில் அவர்கள் செய்தது நியாயம் இல்லை. இரண்டையும் ஞாயிறு பிரசங்கத்தில் கத்திச் சொல்வேன். உன் கட்டளையை மட்டும் வாசிக்கமாட்டேன்.

மலாக்கி

ஆயர் இல்லம்
12 நவம்பர் 1888

அன்புள்ள மலாக்கி,

பிடிவாதக்காரா, கடைசியில் என் வழிக்கு வந்தாய்! வாசிக்காவிட்டால் என்ன, செய்து காட்டிவிட்டாயே. கில்தூராவின் சாமியார் ஊர்விலக்கை உடைத்தார் என்று ரோமுக்கு எழுதிவிட்டேன். டப்ளின் பத்திரிகை ஒன்றுக்கும் சொல்லச் செய்தேன். பிரபுவே என்னைச் சந்தித்து உன்னைப் புகழ்ந்தார். உனக்கு ஒரு பெட்டி திராட்சை ரசம் அனுப்புகிறாராம்.

ஊர் உன்னையே ஒதுக்குவதாகக் கேள்விப்பட்டேன். வயதான காலத்தில் உனக்கு அது வேண்டாம். நகரத்தில் நல்ல பங்குக் கோயில் ஒன்று காலியாகிறது, கனன் என்ற கௌரவப் பட்டத்தோடு. வந்துவிடு. மாலையில் சேர்ந்து நடக்கலாம்.

லாரன்ஸ்

கில்தூரா
18 நவம்பர் 1888

மேன்மை தங்கிய ஆண்டகை அவர்களுக்கு,

பிரபுவின் திராட்சை ரசப் பெட்டி வந்தது. திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். பட்டத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பன் என்று நம்பி, நடந்ததைத் தங்களுக்கு எழுதினேன். அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தீர்கள். பசித்த ஒரு பெண்ணுக்குக் கர்த்தரைக் கொடுத்தேன். தாங்கள் அவளை எடுத்துப் பிரபுவிடம் கொடுத்துவிட்டீர்கள். ஹனோராவைத் தள்ளிய அதே காரியஸ்தர் அந்தப் பத்திரிகையைச் சந்தையில் உரக்கப் படித்துக்காட்டினார். கதவுப் பலகைப் பெட்டிக்காக அழுத தாங்கள், குளிரில் குடிசையில் கிடப்பவளை எந்தக் கடிதத்திலும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

இன்று பிரசங்கத்தில் சொன்னேன்: பத்திரிகையில் வந்தது பொய், நான் எதையும் உடைக்கவில்லை, சைமன் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவனோடு நானும் பேசமாட்டேன், சபினா வந்தால் எப்போதும்போல் நற்கருணை கொடுப்பேன். பாதிக் கோயில் வெளியே போனது. சபினா கடைசிப் பெஞ்சில் தனியாக இருந்தாள். அடுத்த ஞாயிறும் இதையே சொல்வேன். என்னை நீக்குவதானால் நீக்குங்கள், நானாகப் போகமாட்டேன். பங்கின் ஆண்டறிக்கை தவிர இனி என்னிடமிருந்து கடிதம் வராது.

நேற்று ஊரார் ஹனோராவின் குடிசைக்குப் பலகைக் கூரை போட்டார்கள். ரோட்டோரத்தில் கட்டக்கூடாது என்று தடுக்கப் போலீஸ் வந்து நின்றது. நானும் போனேன். யாரும் வணக்கம் சொல்லவில்லை. பெரிய உத்தரத்தின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். இருமல் வந்தது. கீழே வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து மார்ட்டின் லெய்ன் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து மறுமுனையைத் தூக்கினான்.

"உங்ககூடப் பேசமாட்டேன் சாமி."

"யாருடா பேசச் சொன்னா? தூக்கு."

தங்கள் பங்குச் சாமியார்
மலாக்கி டூஹி