மூன்றாம் பெஞ்சின் வருகைப் பதிவு

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். என் வயிறு மட்டும் எனக்கு ஓரடி முன்னால் நடக்கிறது. உன் நலம் கேட்டு நான் போட்ட நான்கு கடிதங்களுக்குப் பதில் இல்லை. இது ஐந்தாவது. தபால்காரர் என் வாசலைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

போன ஞாயிறு நம் பழைய மாணவர் கூட்டம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கூடம் அப்படியேதான் இருக்கிறது. மேசையில் மைக்கூடு வைத்த குழிகளில் இப்போதைய பிள்ளைகள் சூயிங்கம் ஒட்டிவைக்கிறார்கள். மூன்றாம் பெஞ்சுக்குள் என்னைத் திணிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெளியே இழுக்க மூன்று பேர்.

நம் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். பழைய பதிவேட்டிலிருந்து பெயர்களை வாசிப்பார்கள். எழுந்து 'ப்ரெசான்' என்று பிரெஞ்சில் வருகை சொல்ல வேண்டும். செத்துப்போனவனுக்கு அவனுடைய பெஞ்சுக்காரன் சொல்ல வேண்டும். இந்த வருஷம் வாசித்தவர் மருந்துக்கடைக்காரர், சங்கச் செயலாளர்.

உன் பெயர் வந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மூணு வருஷமா ஆளையும் காணோம், கடுதாசியும் காணோம். என்னய்யா பண்றது? நீதானே பெஞ்சுக்காரன், எழுந்து சொல்லிடு" என்றார்.

கூடமே என் வாயைப் பார்த்தது. தூக்கத்தில்கூட மூடாத வாய் அது. அன்றைக்கு அதிலிருந்து பொய்தான் வந்தது. "உயிரோடதான்யா இருக்கான்! போன வாரம்கூடக் கடுதாசி போட்டான்" என்று கத்திவிட்டேன்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்கள். எனக்குக் கதை சொல்லவா தெரியாது? நீ குண்டாகிவிட்டாய், இரண்டு முயல் வளர்க்கிறாய், மருந்துக்கடைக்காரர் இன்னமும் டாக்டர் கிறுக்கலை உத்தேசமாகத்தான் படிக்கிறாரா என்று விசாரித்திருக்கிறாய். ஒரே சிரிப்பு. உன் பெயருக்கு நேரே 'ஊரில் இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

சிரிக்காதவர் உன் அண்ணன் ஒருவர்தான். கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு வரி போடலை. உனக்காவது எழுதறானே, அது போதும். அந்தக் கடுதாசியை ஒரு தடவை காட்டுப்பா. எழுத்தை மட்டும் பாத்துட்டுத் தந்துடறேன்" என்றார். வீட்டில் இருக்கிறது, தேடி வைக்கிறேன் என்றேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறார்.

நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் இதே கூடத்தில் நான்தான் மேடையேறினேன். பிரெஞ்சு ஒப்பித்தலில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கிய ஒட்டகம் பிரெஞ்சுக்காரர்கள் நாட்டுக்கே போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறான், அவன் பிரெஞ்சைக் கேட்டுப் பிள்ளைகள் முழிக்கிறார்கள் என்று நடித்துக் காட்டினேன். உனக்கு ஆபீஸ் வேலை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். உண்மையை நீ என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய். லீவில் வந்திருந்த நீயும் எல்லோரோடும் சிரித்தாய், டீயைக் குடித்து முடித்தாய், சொல்லிக்கொள்ளாமல் போனாய். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல்போல எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். என் எழுத்தில் அதுவும் ஜோக் மாதிரி தெரிகிறது.

ஆனால் ஒரு செய்தி. படிக்கட்டில் அண்ணன் இதையும் சொன்னார்: "தரை துடைச்சா என்ன? அதை என்கிட்ட சொல்ல வெட்கப்பட்டான் பாரு, அதுதான் எனக்கு ஆறலை."

எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுது. பக்கம் பக்கமாக என்னைத் திட்டியே எழுது. அவர் வாசிக்க, நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் காய்ச்சல் தலைவலி அண்டாமல், வயிறார உண்டு, நன்றாக இரு. நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரு.

இப்படிக்கு,
வாய்க்கொழுப்பு குறைந்துவரும் உன் பெஞ்சுக்காரன்