கணுக்காலின் காவல்

ஆனி 9, திங்கள்

இருட்டிய பிறகு அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் பூச்சி என்றே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மடை திறக்கப் போனபோது வலது கணுக்காலில் பூச்சி கடித்தது. காயம் அப்போதே ஆறிவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. தஞ்சாவூர் நரம்பு டாக்டர், "கால்ல ஒண்ணும் இல்லம்மா. உங்க மூளைதான் இன்னும் காவல் காக்குது. பயந்தா வலிய ஏத்திவிடும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வலிப்பது எனக்கல்லவா?

இன்று காலை வயலிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். "தண்ணி வந்துருச்சு, மம்பட்டிய எடுத்துக்கிட்டு வா." தண்ணி என்று கேட்டதுமே கணுக்கால் நெருப்பாய் எரிந்தது. நொண்டிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வயல் வெடித்துக் காய்ந்து கிடந்தது. சட்டென்று வலி நின்றது. வரப்பில் நின்று அவரைத் திட்டினேன்.

"அசையாத" என்றார்.

வலது காலின் மேல் குளிர்ச்சியாக ஏதோ ஏறியது. தண்ணீருக்குப் பயந்து வந்த பூச்சி. பழைய தழும்பின் மேலேயே ஊர்ந்து எங்கள் வயல் வெடிப்புக்குள் போய்விட்டது. எனக்கு வலிக்கவே இல்லை. இந்த நிமிடம் வரை இல்லை.

அப்படியென்றால் உள்ளே இருக்கும் காவல் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

சோதித்துப் பார்க்க அந்தப் பெயரை இங்கே எழுதுகிறேன். பாம்பு.

எரிகிறது.