சுக்கானிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது

மார்ச் 3

மாதக் கடைசிவரை நான் வாயைத் திறக்கக் கூடாதாம். தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குட்டிக் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு குரல்நாண்கள். அவற்றின் நடுவில் அரிசிப் பருக்கை மாதிரி ஒரு முடிச்சு. கிசுகிசுவென்று பேசலாமா என்று கேட்டேன். "அது இன்னும் மோசம்மா. வீட்ல சண்டை வந்தாக்கூட எழுதித்தான் போடணும்" என்றார். சிரிப்பு வேறு.

பேசிப் பிழைக்கிறவள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். மனதில் இருப்பதை எங்கேதான் கொட்டுவது? மகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட அறிவியல் நோட்டு கிடைத்தது. தவளைப் படத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து நான்.

இவருக்குக் கொண்டாட்டம்தான். ஊரெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் கிடக்கிறவர். "வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார். கையிலிருந்த துண்டை முகத்தில் விட்டெறிந்தேன். அதற்குச் சத்தம் தேவையில்லையே.

மார்ச் 5

லிஃப்டில் இரண்டாம் மாடிப் பொடிசுகள் இரண்டு பேர். "நான் திருப்புற பக்கம்தான் கரை!" என்று ஒருவன் கத்த, இன்னொருவன் "டேய், கரைன்னு சொல்றப்ப குரல் உடையணும்டா" என்று திருத்தினான். மறுபடி கத்தினார்கள். 'கரை'யில் சரியாக உடைத்தார்கள்.

அது என் வசனம். டிவி கார்ட்டூனில் பாய்க்கப்பல் ஓட்டும் பத்து வயதுப் பையன் சுக்கானிக்கு ஆறு வருடமாகத் தமிழில் பேசுவது நான்தான். முழங்கால் வலியும் மூக்குக்கண்ணாடியுமாகப் பக்கத்தில் நிற்கிற இந்த ஆன்ட்டிதான் அவன் என்று அதுகளுக்கு எப்படித் தெரியும்? மற்ற நாளாக இருந்தால் ஒரு வரி பேசிக் காட்டி வாயைப் பிளக்க வைத்திருப்பேன். இன்று ஈயென்று இளித்துவிட்டு இறங்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 8

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கே திரும்பினாலும் அவன். சுக்கானி பென்சில் பெட்டி, சுக்கானி சலூன். சுவரொட்டியில் எருமை மாதிரி ஒரு மல்யுத்த வீரன், அவனும் சுக்கானியாம். ஒரு பாட்டுக் குழு அந்தப் பெயரை வைத்திருக்கிறது. மகளின் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கே அதுதான் பட்டப்பெயர். எந்தக் கேள்வி கேட்டாலும் வேறு பக்கம் திருப்பிவிடுவாராம்.

இத்தனைக்கும் காரணம் ஓர் உதடு. மூல மொழியில் அந்தப் பையனுக்குப் பெயரே கிடையாது, அவன் செய்கிற வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மாலுமி என்று போட்டுப் பார்த்தோம், மீகாமன், கப்பலோட்டி எல்லாம் பார்த்தோம். மகர பகரம் வந்தால் நம் உதடு ஒட்டும். திரையில் இருக்கிறவனின் உதடோ ஒட்டவில்லை. குவிந்து, அகலத் திறந்து, பல்லைக் காட்டி முடிந்தது. வசனம் எழுதும் அண்ணன் பழைய அகராதியைப் புரட்டி, சுக்கானைப் பிடித்துக் கப்பலைத் திருப்புகிறவனுக்குப் பாய்க்கப்பல் காலத்தில் இருந்த சொல்லைக் கண்டுபிடித்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. டீயைக் குடித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம். அது இப்படி ஊரெல்லாம் மேயும் என்று யார் கண்டது?

மார்ச் 12

வசன அண்ணன் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். சுக்கானி பெரிய திரைக்கு வருகிறதாம், ஏப்ரலில் தமிழ்ப் பதிவு. "கம்பெனிக்காரங்க வேற ஆளும் பார்க்கறாங்க. நான் உங்களைத்தான் சொல்லிட்டிருக்கேன். உங்க தொண்டை எப்படி இருக்கு?"

எப்படி இருக்கு? நல்லா இருக்கு. பேசாத தொண்டை எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

வேற ஆளாம்! அந்தக் குரல் எங்கிருந்து வந்தது தெரியுமா இவர்களுக்கு? மகள் நடக்கப் பழகின வயதில், அவளைச் சாப்பிட வைக்க நான் போட்ட வேஷம் அது. அதைத் தூக்கி யாரோ ஒருத்தர் கையில் கொடுப்பார்களாம். வயிறு எரிகிறது.

மார்ச் 13

வீட்டை இரண்டு தடவை பெருக்கியாகிவிட்டது. குப்பையே இல்லை.

மார்ச் 24

டாக்டர் திரையைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். முடிச்சு சிறுக்கவே இல்லை, ஓரம் சிவந்திருக்கிறது. "பேசினீங்களா?" அடித்துத் தலையாட்டினேன், இல்லவே இல்லை. உண்மையும் அதுதான். "டிவி பார்க்கறப்ப?" என்றார்.

மகள் போட்டுக் கொடுத்துவிட்டாள். "சுக்கானி வர்றப்பல்லாம் அம்மா கூடவே வாயசைப்பாங்க டாக்டர். சத்தம் வராது. ஆனா கழுத்து நரம்பு புடைக்கும்."

எனக்கே தெரியாது, சத்தியமாகத் தெரியாது. திரையில் அவன் உதடு அசைந்தால் கூடவே என் தொண்டையும் கிளம்பிவிடுகிறது. இத்தனை வருடப் பழக்கம். வேறு யாராவது இப்படிச் சத்தமே போடாமல் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்களா?

இனி ஆபரேஷன்தான். அதற்குப் பிறகு பேச்சு வரும். ஆனால் அந்தப் பையனின் உச்சக் குரல் வருவது சந்தேகம். படத்தை முடித்துவிட்டுச் செய்துகொள்ளலாமா என்று எழுதிக் காட்டினேன். "தாங்காதுன்னு சொல்லலை. தாங்கும்னும் சொல்லலை. மொத்தமா போனா என்னைக் கேட்கக் கூடாது."

மார்ச் 26

படத்தில் பேசிவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். ஒரே ஒரு வாரம். கத்தல்களை எப்போதும் கடைசி நாளில்தான் எடுப்பார்கள், அதுவரை பார்த்துப் பார்த்துப் பேசினால் போதும். வசன அண்ணனுக்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது.

இவரிடம் எழுதிக் காட்டினேன். படித்தார். வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை. "அந்தப் பையன் குரல் இல்லாம நான் பொழைச்சுக்குவேன். ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதன்னு திட்டற குரல் இல்லாம என்ன செய்ய?" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கட்டிலில் ஈரத் துண்டு. வேண்டுமென்றே போட்டாரோ? அழுகை வந்தது. அழவும் கூடாதாம், தொண்டை இறுகுமாம்.

ஆனாலும் போவேன். போகத்தான் போகிறேன்.

மார்ச் 31

பதிவுக்குத் தேதி குறிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டுடியோ வரவேற்பறையில் ஒரு பெண், கல்லூரி முடித்த வயதுதான் இருக்கும், சுவரைப் பார்த்தபடி பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தாள். "அக்கா, நீங்கதானே? உங்களைக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன். நீங்க வரலைன்னா மட்டும்தான் நான். ஒண்ணே ஒண்ணு சொல்லிக் காட்டட்டுமா?"

சொன்னாள். 'கரை'யில் அப்படியே உடைத்தாள். கரகரப்பு, இழுத்து வாங்கும் மூச்சு, எல்லாம் அச்சு அசலாக.

எனக்குப் பகீரென்றது. அது நான் வைத்த அழகில்லை. போன வருடம் முடிச்சு விழ ஆரம்பித்தபோது வந்த கோளாறு. காற்று ஒழுகியது, குரல் கிழிந்தது. நல்லா இருக்கே என்று ஸ்டுடியோக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

கைபேசியில் தட்டிக் காட்டினேன்: இந்த உடைசல் என் வியாதி. நீ செய்யாதே, தொண்டை போய்விடும்.

படித்துவிட்டுக் குழந்தை மாதிரி விழித்தாள். "ஆனா அது இல்லேன்னா அது சுக்கானி இல்லையேக்கா?"

அப்புறம் நான் யோசிக்கவே இல்லை. லிஃப்ட் பொடிசுகள் கண்முன் வந்தார்கள். அதுகளும் கழுத்து நரம்பு தெறிக்கத்தானே கத்துகின்றன? நான் போய் ஒரு வாரம் பேசினால் அந்த உடைசல் பெரிய திரையில் இன்னும் பெரிதாகக் கேட்கும். வசன அண்ணன் வந்ததும் தட்டினேன்: நான் பேசவில்லை. இவளைப் போடுங்கள், கரகரப்பு இல்லாமல்.

"கம்பெனி ஒத்துக்காதேம்மா."

ஒத்துக்காவிட்டால் என் முடிச்சுப் படத்தை அனுப்புகிறேன், போஸ்டரில் போடச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஏப்ரல் 9

ஆபரேஷன் முடிந்தது. மறுபடி வாய்ப்பூட்டு. இந்த முறை டிவிக்கும் சேர்த்து. ரிமோட்டை இவர் வேலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போகிறார்.

ஜூன் 14

முன்னோட்டம் வந்துவிட்டது. மகள் வேண்டாமென்றாள், பிடுங்கிப் பார்த்தேன். அந்தப் பெண் நன்றாகப் பேசியிருக்கிறாள். கரகரப்பு இல்லை, குரல் சுத்தமாக மேலே ஏறுகிறது. எனக்குப் பொறாமை. யாரிடம் மறைக்க? பச்சைப் பொறாமை. எங்காவது சறுக்குவாளா என்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்; சறுக்கவில்லை, சனியன்.

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. தடித்து, அடியில் கிடக்கிற குரல். போனில் பேசினால் எதிரில் இருப்பவர்கள் "சார்" என்கிறார்கள். பையனின் குரலைக் குளியலறையில் போட்டுப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஜூலை 5

காலையில் காய்கறிப் பையோடு வாசலுக்கு வந்தபோது, புதிதாகக் குடிவந்தவர் வீட்டு நாய்க்குட்டி கயிற்றை உருவிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. அங்கே ஒரு செங்கல் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா செருப்பு தடுக்க ஓடிவந்து, மூச்சு வாங்க, "சுக்கானி... சுக்கானி..." என்றார். நாய் எங்கே கேட்டது?

ஆறு வருடத்தில் மைக் முன்னால் அந்தப் பெயரை நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. தன் பெயரைத் தானே யார் கூப்பிடுவார்கள்? மற்றவர்கள் கூப்பிடுவார்கள், நான் "வந்துட்டேன்" என்பேன்.

பையைப் போட்டேன். "டேய் சுக்கானி! நில்லுடா அங்கயே!"

லாரி டிரைவர்கூட அப்படிக் கத்த மாட்டார். நாய் நின்றது. சைக்கிளில் போன ஒரு பையன் காலை ஊன்றி நின்றான். தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியேறிக்கொண்டிருந்தவரும் படியிலேயே நின்று திரும்பினார். லாரியும் நின்றது.

"யாரைக்கா கூப்பிட்டீங்க?" என்றார் கேன்காரர்.

"எல்லாரையும்தான்" என்றேன். தொண்டை வலிக்கவில்லை.